ஆள் வராத படம்

டெப்போவில் அவரை ரேடியோ என்றால்தான் தெரியும். டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற நேரத்துக்குள் ஒருவருடைய முதுகு வலி, மகளின் பரீட்சை, மாடி வீட்டுத் தகராறு எல்லாவற்றையும் கேட்டு, இறங்கும்போது யோசனையும் சொல்லி அனுப்புகிற கண்டக்டர். அவருக்கு வாய்த்த மனைவியோ, நாலு வார்த்தை பேசினால் நாக்கு தேய்ந்துவிடும் என்பதுபோல இருப்பவள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. விடுங்க." நாள் முழுக்க அவள் பேச்சு அவ்வளவுதான்.

விடுமுறை வந்தால் அவளுக்கு ஒரு கிறுக்கு பிடிக்கும். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஓரத்துக்குக் கிளம்பிவிடுவாள். பூ, பறவை, சூரியன் மறைவது எதுவும் கிடையாது. குடோனின் பின்சுவர், மேம்பாலத்துக்கு அடியில் கிடக்கும் வெற்றிடம், மனை பிரித்துக் கல் நட்டதோடு நின்றுபோன பொட்டல். நிழலே விழாத மந்தமான நாளென்றால் முகம் மலர்ந்துபோகும். அடையாள அட்டைக்குப் படம் பிடிப்பதுபோல நேருக்கு நேர் எடுப்பாள். மருந்துக்குக்கூட ஓர் ஆள் உள்ளே வரக் கூடாது.

கல்யாணமான புதிதில் அவர் கேட்டார். "ஏம்மா, ஓரமா ஒரு ஆள் நின்னா என்ன குறைஞ்சு போகுது? நானே நிக்கிறேனே."

"ஆள் இருந்தா எல்லாரும் ஆளைத்தான் பார்ப்பாங்க. இந்த மண்ணை நாம என்ன பண்ணி வச்சிருக்கோம்னு யாரு பார்க்கிறது?"

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதிலேயே அவர் விழுந்துவிட்டார். அன்றிலிருந்து கேமரா ஸ்டாண்டைத் தூக்குவது அவர் பொறுப்பு.

காலி இடம் என்று பெயர்தானே தவிர, கேமராவை நிறுத்தியதும் எங்கிருந்துதான் முளைப்பார்களோ! சைக்கிள்காரர் வருவார், வாட்ச்மேன் வருவார், "எந்த டிவி?" என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வருவார். விரட்டினால் சண்டை. அதனால் கண்டக்டர் முந்திக்கொள்வார். "அண்ணே, இந்தப் பாதை எங்க போகுது?" என்று ஆரம்பித்தால் போதும், வந்தவர் தன் பாதையை மறந்துவிடுவார். படத்தைப் பார்ப்பவர்கள் வியக்கிற அந்த ஈ காக்கை இல்லாத அமைதிக்குப் பக்கத்தில், அவள் பொத்தானை அமுக்குகிற நேரத்தில், ஒரு சந்தையே கூடியிருக்கும்.

இப்படியே வருஷங்கள் ஓடின. பிறகு அவர் குரல் கம்மத் தொடங்கியது. தொண்டையில் ஒரு முடிச்சு, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி, அதை எடுத்தும் விட்டார். ஆனால் ஒரு மாதத்துக்குக் கிசுகிசுக்கக்கூடக் கூடாது.

"ரேடியோ ரிப்பேருக்குப் போயிருக்கு" என்று டெப்போவில் சிரித்தார்கள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பேச்சை எடுத்துவிட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசித்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்தே கிடந்தார். மனைவி சில நாள் பார்த்தாள். விடுமுறையன்று காலையில், "கிளம்புங்க. ஸ்டாண்டை யாரு தூக்குறது?" என்றாள்.

போன இடம் ஒரு கல் குவாரி. குன்றைப் பாதி வெட்டிப் படிக்கட்டாக்கி வைத்திருந்தார்கள். அடிவாரத்தில் சாலையே இல்லாமல் விளக்குக் கம்பங்கள் மட்டும் வரிசையாக நின்றன. வானமும் அவள் சொன்னபடி கேட்டது. அமுக்கப் போகும் நேரம், வேலைக்கு இடைவேளை விட்டுவிட்டார்கள். ஒரு கூட்டமே பேசிக்கொண்டு இறங்கி வந்தது.

கண்டக்டர் கையை ஆட்டிக்கொண்டு ஓடினார்.

"என்ன, வெடி வைக்கிறாங்களா?" என்று ஒருவன் பதறினான். கேமரா கண்ணில் பட்டதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சட்டையை இழுத்துவிட்டு, தலையைக் கோதி, கம்பங்களுக்கு முன்னால் வரிசையாக நின்றுகொண்டார்கள். அவர் போ போ என்று கையை ஆட்ட, அவர்களும் பதிலுக்கு ஆட்டினார்கள்.

மனைவி அவரைக் கூப்பிட்டு, கேமராவில் எதை அமுக்குவது என்று காட்டினாள். "நான் கையைத் தூக்கினா அமுக்குங்க." சொல்லிவிட்டு அந்தக் கூட்டத்தை நோக்கி நடந்தாள்.

போனவளுக்கு எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு அங்கிருந்த மூத்தவளைப் பார்த்து, "அக்கா, முட்டி வலிக்குதா? நடக்கிறப்போ ஒரு பக்கம் சாயுறீங்களே" என்றாள்.

"ஐயோ, அதை ஏன் கேக்குற தாயி!"

அவ்வளவுதான். ஒருவன் தோளைக் காட்டினான், ஒருத்தி மணிக்கட்டை நீட்டினாள். "அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசலாம், வாங்க" என்று அவள் நகர, எல்லாரும் பின்னாலேயே போனார்கள். கேமராவுக்குள் குன்றும் கம்பங்களும்தான் மிச்சம். பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. கேள்வி கேட்டது, வைதது, சிரித்தது. இவளா என்று கேட்டுக்கொண்டே நின்றவர் பொத்தானை மறந்தார். அவள் கை உயர்ந்தது. மறுபடியும் உயர்ந்தது.

"ஏங்க!"

தூக்கிவாரிப்போட்டு அமுக்கியதில் முழங்கை ஸ்டாண்டில் இடித்தது.

திரும்பும் வழியில் அவள், "தினமும் எப்படித்தான் இவ்வளவு பேசுறீங்களோ! எனக்குத் தொண்டையே வறண்டுபோச்சு" என்றாள். அவர் சத்தம் வராமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

குரல் கொஞ்சம் கரகரப்போடு திரும்பி வந்தது. பிறகு நூலகக் கூடத்தில் அவள் படங்களை மாட்டினார்கள். குவாரிப் படமும் இருந்தது.

"இது மட்டும் லேசா சாய்ஞ்சிருக்கே?" என்றார் பார்க்க வந்த ஒரு பெரியவர்.

"அந்த இடமே அப்படித்தாங்க" என்றாள் அவள், முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லாமல்.

முட்டிக்குப் பட்டி போட்டுக்கொண்டு அந்த அக்காவும் வந்திருந்தாள். படத்தை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சட்டத்துக்கு வெளியே, வெறும் சுவரில் விரலை வைத்து, "நாங்க இங்கதான் உட்கார்ந்திருந்தோம்" என்று பெரியவரிடம் சொன்னாள்.

பெரியவர் விழித்தார். கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.