அத்தான் சரியாகத்தான் எழுதியிருந்தார்

அந்தப் பேய்ப் படத்துக்கு டைட்டில் போட்டவருக்குத் தமிழே தெரியாதாம் என்று, தன் மச்சான் சொன்னதாகச் சொல்லி, கூட வேலை பார்ப்பவர் லிஃப்டில் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த டைட்டில்காரர் என் அக்காவின் கணவர் என்று சொல்ல மூன்று மாடி நேரம் இருந்தது. என் மாடி வந்ததும் இறங்கிக்கொண்டேன்.

அத்தான் இருபது வருடமாகப் படங்களுக்கு டைட்டில் செய்கிறவர். வீட்டின் பின்னறையில் இரண்டு கம்ப்யூட்டர் திரை, வெளிச்சம் மறைக்க ஜன்னலில் கிளிப் மாட்டிய போர்வை. முடித்ததும் கீழ்க்கடைத் தையல்காரரைக் கூப்பிட்டு, நிற்கவைத்தே போட்டுக்காட்டுவார். சிரிப்புப் படமென்றால் எழுத்து முந்திக்கொண்டு வந்து விழவேண்டும்; பேய்ப் படமென்றால் கண் தேடிக் களைத்த பிறகுதான் தெரியவேண்டும். தையல்காரர் தன்னையறியாமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டால் டைட்டில் தேறியது. இந்தப் படத்துக்கு உட்கார்ந்ததோடு, கழுத்தில் கிடந்த அளவு நாடாவையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம்.

அத்தானுக்கு ல, ள தகராறு. அதனால் பெயர்ப் பட்டியல் எப்போதும் எனக்கு வரும். இரண்டு மொழியில் படித்தவன் என்ற மதிப்பு. அன்று ரயிலில் நின்றபடி திறந்தேன். ‘ஒளிப்பதிவு’ என்றிருந்தது. வழக்கம்போல் குழப்பிவிட்டார் என்று, பக்கத்திலிருந்த பெயரைக்கூடப் பார்க்காமல், ‘ஒலிப்பதிவு’ என்று திருத்தி அனுப்பினேன். பக்கத்திலிருந்தது கேமராக்காரரின் பெயர்.

படம் வெளியான அன்று முதல் காட்சியில், டைட்டில் ஓடும்போது அரங்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவு இரண்டாம் தடவை வந்ததும் யாரோ, “கேமராவை பேய் தூக்கிட்டுப் போயிடுச்சா?” என்றிருக்கிறார். அதன் பிறகு யாரும் பயப்படவில்லை. அடுத்த படத்தை வேறு ஆளிடம் கொடுக்கப்போவதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

நேற்று அக்காவிடம் பேசினேன். இயக்குநரிடம் அத்தான் என் பேச்சையே எடுக்கவில்லையாம். தன் கை தவறிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம்.

“நான் மாத்தினது அவருக்குத் தெரியுமாக்கா?”

“தெரியாமலா? இந்தத் தடவை உனக்கு வேலையே வைக்கக் கூடாதுன்னு அகராதியைப் பாத்துப் பாத்து எழுதினாருடா. நீ மாத்தினதும், படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டாரு.”

அக்காவிடம் இயக்குநரின் எண்ணை வாங்கிக்கொண்டேன்.

சொல்லவேண்டியதைத் தாளில் எழுதினேன். ‘ஒரு தவறு நேர்ந்துவிட்டது.’ அடித்தேன். ‘தவறு செய்தது நான்.’ ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன்.

இயக்குநரின் எண்ணை அழுத்தினேன். மறுமுனையில் மணி போய்க்கொண்டிருக்கிறது.