வெறுங்கத்தரி

தண்டையார்பேட்டையில் எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் கடைக்கால் தோண்டியபோது கிடைத்ததென்று, துணி வெட்டும் பெரிய கத்தரி ஒன்றைக் காட்டினார்கள். துருவேறி இரண்டு அலகும் ஒட்டிப்போயிருந்தன. கட்டைவிரல் வளையத்தில் நைனா சுற்றிய பித்தளைக் கம்பி மட்டும் அப்படியே இருந்தது.

ஹார்பரில் சரக்கு இறக்குகிறவர்களுக்குச் சட்டை தைத்தவர் நைனா; முன்னறை முழுக்கக் கரி இஸ்திரிப் பெட்டியின் சூடும், மிஷின் எண்ணெயும், கஞ்சி போட்ட காடாத்துணியின் வாசமும், பலகைமேல் கத்தரி நகரும் கரகர சத்தமுமாக இருக்கும், அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். துணியில்லாமல் கத்தரியை ஆட்டினால் வீட்டில் சண்டை வரும் என்று அம்மாவுக்குப் பயம். நானோ தங்கச்சியோ தொட்டாலே, "வெறுங்கத்தரிய ஆட்டாதடி" என்று முதுகில் ஒன்று வைப்பாள்.

யுத்தத்தில் துணிக்கு ரேஷன் வந்தது. கட்டவே துணி கிடைக்காதபோது தைக்க யார் கொடுப்பார்கள்? இஸ்திரிப் பெட்டி ஆறிப்போனது, மிஷின்மேல் தூசி படிந்தது, கேழ்வரகுக் கூழும் ஒருவேளைக்கு என்றானது. நைனா மட்டும் வழக்கம்போலப் பலகை முன்னால் உட்கார்ந்து, கறுக் கறுக்கென்று, பொழுதெல்லாம் காற்றை வெட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, தன் கல்யாணப் புடவையை எடுத்துப் பலகைமேல் விரித்தாள்.

"இத வெட்டுய்யா."

"இன்னாத்துக்கு?"

"சும்மா வெட்டு. வெறுங்கத்தரி சத்தத்த என்னால கேக்க முடில."

நைனா வெட்டவில்லை. கத்தரியை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போனார். கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. அம்மா புடவையை மடிக்காமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.