சிரிப்பதற்கென்று வந்த கடிதங்கள்

ஏரோகிராம் பசைக்கு ஒரு ருசி உண்டு. முதலில் லேசாக இனித்து, பிறகு நாக்கின் நடுவில் கசந்து, கடைசியில் கஞ்சி காய்ந்ததுபோல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அறுபதுகளின் நடுவில், கிழக்குத் தாம்பரத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துத் தெருவில் நாங்கள் குடியிருந்தபோது, மாதம் இரண்டு முறை வெளிநாட்டுக்குப் போகிற அந்த நீலக் கடிதத் தாளை நாக்கால் நனைத்து ஒட்டுகிற வேலை என்னுடையது. எழுதுகிற வேலை பெரும்பாலும் மற்றவர்களுடையது. அந்த ருசியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பழைய நாட்களை நினைத்து உருகுகிற கட்டுரை வேண்டுமென்றால் நீங்கள் வேறு யாரிடமாவதுதான் கேட்க வேண்டும்.

அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எனக்கு ஒன்பது வயதும் தங்கை பியூலாவுக்கு ஒன்றரை வயதும் இருக்கும்போது, சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில் மேற்பயிற்சி என்று, எங்கள் சபையார் ஏற்பாடு செய்து அவளை ஒரு வருடத்துக்கு ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். ஊரார் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கற்றுக்கொள்ள, சொந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்ததில் உள்ள வேடிக்கை அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. மாலை போட்டார்கள், ஜெபம் பண்ணினார்கள், ஆளுக்கொரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார்கள். எங்களைப் பார்த்துக்கொள்ளச் செங்கல்பட்டிலிருந்து அம்மாவின் தங்கை எஸ்தர் சித்தி வந்து சேர்ந்தாள். அவளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை ஒரு வருடம் தள்ளிப் போட்டார்கள். அதைப் பற்றிச் சித்தியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அம்மாவை அனுப்பியது சபை என்பதால், அம்மாவின் கடிதங்களும் சபைக்குச் சொந்தம் என்று ஒரு வழக்கம் தானாகவே ஏற்பட்டுவிட்டது. தபால்காரர் முனுசாமி அண்ணன் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "இன்னா லில்லி பாப்பா, சீமைலேர்ந்து லெட்டர் வந்துகீது. அம்மா எப்ப வராங்களாம்?" என்று கேட்டபடியே நீட்டுவார். எப்போது வருகிறாள் என்று கேட்ட ஒரே மனிதர் அவர்தான். அப்பா அதை ஒருமுறை படித்து, பையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாதர் சங்கச் செயலாளர் கிரேஸ் அம்மாளின் கையில் கொடுப்பார். சபை மண்டபத்தில் தேநீரும் பன்னும் கொடுத்து, பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு, எழுபது எண்பது பேர் சுற்றி உட்கார, கிரேஸ் அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் அம்மாவை வாசிக்கத் தொடங்குவார்.

அம்மாவின் கை குறும்புக் கை, அதை மறுக்க முடியாது. நம் ஊரில் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கிற கஞ்சியை இங்கே திடகாத்திரமானவர்கள் தினமும் காலையில் உப்புப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள் என்று எழுதினாள். நாம் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கிற இடத்தில் இவர்கள் மழையைப் பற்றிக் கேட்கிறார்கள், கேட்கும்போதே இரண்டு பேரும் நனைந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்று எழுதினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புடவையைத் துவைத்துக் கொடியில் போட்டாளாம். ஓய்வுநாளில் துணி உலர்த்தலாமா என்று பக்கத்து வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி மரியாதையாக வணங்கிவிட்டுத் திட்டினாராம். அவள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள், காட்சி பார்க்கலாம் என்று ஒரு குன்றின் மேல் கூட்டிக்கொண்டு போய், மூடுபனிக்குள் கையை நீட்டி, "அதோ அங்கே கோட்டை, இதோ இங்கே ஏரி" என்று காட்டினாராம். 'அவர் காட்டிய பக்கமெல்லாம் வெள்ளையைப் பார்த்து, ஆஹா, எவ்வளவு அழகு என்று தலையாட்டிவிட்டு இறங்கி வந்தேன்' என்று அம்மா எழுதியிருந்ததைக் கேட்டு மண்டபம் குலுங்கியது.

கிரேஸ் அம்மாள் சும்மாவும் வாசிக்க மாட்டார். குரல் மாற்றிப் பேசுவார், நடுநடுவே சொந்தச் சரக்கையும் சேர்ப்பார். ஸ்காட்லாந்து ஆண்கள் பாவாடை கட்டுவதைப் பற்றி அம்மா ஒரு வரிகூட எழுதியதில்லை. ஆனால் கடிதத்துக்குக் கடிதம் ஒரு பாவாடை வரும், அது வந்ததும் பெண்கள் வாயை முந்தானையால் மூடிக்கொள்வார்கள். கடைசியில், "அடுத்த வாட்டி இன்னும் தமாஷா எழுதச் சொல்லுங்க பிரதர்" என்று அப்பாவிடம் சொல்லி அனுப்புவார். அப்பாவும் அதை எழுதுவார். நானோ மூன்றாவது பெஞ்சில், அம்மாவின் வார்த்தைகள் எண்பது பேர் வாயில் சிரிப்பாகி உடைந்து போவதைப் பார்த்துக்கொண்டு, பன்னைத் தின்னாமல் கையில் பிசைந்துகொண்டிருப்பேன். அம்மா குன்றுக்கும் கோட்டைக்கும் போனாள். அந்த வருடம் எங்களுக்கு வாய்த்த ஒரே உல்லாசப் பயணம் அந்த மண்டபம்தான்.

பதில் எழுதுவதற்கும் வீட்டில் ஒரு முறை இருந்தது. ஒரே தாள் என்பதால் பங்கு பிரித்துக்கொள்வோம். நடுவில் உள்ள பெரிய பகுதிகள் அப்பாவுக்கு, அதன் கீழே நான்கு வரி சித்திக்கு, ஒட்டுகிற மடிப்புக்கு மேலே மூன்று வரி எனக்கு. பியூலாவுக்கு எழுத்து ஏது? அவள் உள்ளங்கையைத் தாளின் மேல் விரித்து வைத்து, விரல்களைச் சுற்றிச் சித்தி பென்சிலால் கோடு போடுவாள். அப்பா போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: துக்கம் எழுதக் கூடாது. "லெட்டர் போய்ச் சேர ஒரு வாரம் ஆகுது. அதுக்குள்ள நம்ம கஷ்டம் இங்க சரியாப் போயிடும், அவளுக்கு அங்க அப்பதான் ஆரம்பிக்கும்" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அதனால் எனக்கு மணல்வாரி அம்மை போட்டதும், சுவர் ஓதம் ஏறி அலமாரியில் இருந்த அம்மாவின் புடவைகள் பூஞ்சை பிடித்ததும் எழுதப்படவில்லை. எல்லோரும் சுகம், எல்லோரும் சுகம் என்றே வருடம் முழுக்க எழுதினோம்.

ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் சித்தி ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது, பியூலா தத்தித் தத்தி வந்து, சித்தியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஆ" என்று வாயைத் திறந்தாள். சித்தியின் கை அப்படியே நின்றுவிட்டது. "சித்தி சொல்லுடி கண்ணு, சித்தி" என்றாள். "அம்மா" என்றது குழந்தை. அன்றிலிருந்து சித்தி தினமும் திருத்தினாள், கெஞ்சினாள், ஒருமுறை அடித்துவிட்டு அவளே உட்கார்ந்து அழுதாள். சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தை நான் காட்டி, "இதுதான் அம்மா" என்றால், பியூலா அதையும் கூப்பிடுவாள்: "போட்டோ" என்று. அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் கடிதம் ஒன்று வந்தது. இன்னும் ஒரு வருடம் படிக்க இடம் தருகிறார்களாம். 'வீட்டில் எல்லோரும் உண்மையிலேயே சுகமாக இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்வேன். உண்மையை எழுதுங்கள்' என்று கேட்டிருந்தாள். அந்தக் கடிதத்தை அப்பா மண்டபத்தில் வாசிக்கக் கொடுக்கவில்லை. ஆனால் கிரேஸ் அம்மாள் உட்பட எல்லோருக்கும் விஷயம் தெரிந்து, நம் சபைக்கு எவ்வளவு பெருமை என்று பேச்சு கிளம்பிவிட்டது. அப்பா தாள் நிறைய எழுதினார், சித்தி நான்கு வரி எழுதினாள். என் முறை வந்ததும், பென்சிலை முனை ஒடிகிற மட்டும் அழுத்தி, 'அம்மா, பியூலா சித்தியை அம்மா என்று கூப்பிடுகிறாள். உங்களை போட்டோ என்கிறாள். உடனே வாருங்கள்' என்று எழுதினேன்.

அப்பா அதைப் படித்தார். திட்டவில்லை. ரப்பரை எடுத்து நிதானமாக அழித்தார், தூளை ஊதினார், பென்சிலை என் கையில் திரும்பவும் கொடுத்தார். "எழுது. நாங்கள் எல்லோரும் சுகம். நீங்கள் நன்றாகப் படித்துவிட்டு வாருங்கள்." அழித்த இடத்தின் மேலேயே அதை எழுதினேன். என் கையால், என் கையெழுத்தில், கீழே என் பெயரும் போட்டு. பிறகு பசையை நக்கி ஒட்டியவளும் நான்தான்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது, இன்னொரு வருடம் தங்குவதாக. கூடவே சபைக்கென்று ஒரு உல்லாசப் பயணக் கதை. அதை ஏறக்குறைய மனப்பாடமாகச் சொல்வேன். 'சனிக்கிழமை வீட்டுக்கார அம்மாள் என்னைக் கடல் பார்க்கக் காரில் அழைத்துப் போனார். ஒன்றரை மணி நேரப் பயணம். போய்ச் சேர்ந்ததும் மழை. காரைக் கடலைப் பார்க்க நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். வெள்ளரிக்காய் வைத்த ரொட்டி தின்றோம். எங்கள் மூச்சில் கண்ணாடி மங்கிப்போய்க் கடலும் மறைந்துவிட்டது. பக்கத்தில் வரிசையாக இன்னும் ஆறு கார்கள், எல்லாவற்றிலும் இதே கூத்து. ஒரு மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர், அருமையான நாள், இல்லையா என்றார். ஆமாம் என்றேன், திரும்பிவிட்டோம். மெரினாவில் கால் நனைத்துச் சுண்டல் தின்கிற புண்ணியவான்களே, எங்களுக்காக ஜெபியுங்கள்.'

மண்டபம் சிரித்த சிரிப்பில் கேட்டைத் தாண்டிப் போன மின்சார ரயிலின் சத்தம்கூடக் கேட்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். நான் எழுந்து பெஞ்சின் மேல் ஏறி நின்று, "சிரிக்காதீங்க! அது எங்க அம்மா லெட்டர்! எல்லாரும் வாய மூடுங்க!" என்று கத்தினேன். என் சத்தத்துக்குப் பயந்து, சித்தியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பியூலா அலறி எழுந்து, சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அம்மா" என்று அழுதாள். அத்தனை பேரும் கேட்டார்கள். சித்தி தலை நிமிரவில்லை. கிரேஸ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "குழந்தைதானே, போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து வாசித்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் சிரித்தார்கள்.

அம்மா திரும்பி வந்தபோது பியூலாவுக்கு மூன்றரை வயது. சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கிய அம்மா வெளுத்து, மெலிந்து, யாரோ போலிருந்தாள். பியூலா சித்தியின் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். அம்மா டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கையை நீட்டி, "பியூலா செல்லம், மம்மி வந்திருக்கேன். மம்மிகிட்ட வா" என்றாள்.

எங்கள் வீட்டில் மம்மி என்ற சொல்லே கிடையாது. பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகள் வாயில்தான் அதைக் கேட்டிருக்கிறேன். அம்மா என்ற இடத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிந்து, தனக்கு வேறொரு பெயரை வழியிலேயே யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கூலியாளைத் தேடுவதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சித்தி கல்யாணமாகிப் பழையபடி செங்கல்பட்டுக்குப் போனாள். பல வருடங்கள் கழித்து அவள் இறந்தபோது, பியூலா சவப்பெட்டியின் மேல் விழுந்து, "அம்மா" என்று கத்தினாள். பெட்டியின் மறுபக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அதற்கடுத்த சில வருடங்களில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு "மம்மி" என்று அழுதாள் பியூலா.

அவளுடைய டிரங்குப் பெட்டியில் நாங்கள் அனுப்பிய ஏரோகிராம்கள் கட்டாக இருந்தன. அந்த ஒன்றை நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். பியூலாவின் சின்னக் கை, பக்கத்தில் என் மூன்று வரி. தாளைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், 'எல்லோரும் சுகம்' என்பதற்கு அடியில், அழுத்தி எழுதி அழித்த எழுத்துகள் பள்ளம் பள்ளமாக இன்னும் தெரிகின்றன. படிக்கக் கண்ணாடிகூடத் தேவையில்லை. அதைப் பார்த்த பிறகுதான், அது போய்ச் சேர்ந்த வாரத்தில்தான், கடல் பார்த்த கதையை எழுதியிருக்கிறாள். 'அந்தக் காருக்குள் மம்மி அழுதிருப்பாள் அக்கா, கண்ணாடி மங்கியது அதனால்தான்' என்கிறாள் பியூலா. அழுதிருக்கட்டும். எங்களுக்கு அனுப்பி வைத்தது சிரிப்பைத்தானே? ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு முப்பது நாற்பது வருடம் இருந்தது. நானும் சுகம் சுகம் என்றே அவளோடு பேசிக் கழித்துவிட்டேன். அந்தக் கோபம் என் மேலேயே.

இப்போது ஏரோகிராம் என்றால் தபாலாபீசில் இருப்பவர்களே விழிக்கிறார்கள். ரயில்வே கேட் போய்விட்டது, முனுசாமி அண்ணன் போய்விட்டார், மண்டபத்தை இடித்து மூன்று மாடி எழுப்பி லிஃப்ட் வைத்துவிட்டார்கள். போன மாதம் சபையிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். சபையின் நினைவு மலர் ஒன்று போடுகிறார்களாம், அம்மாவின் ஸ்காட்லாந்துக் கடிதங்களைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். நான் முடியாது என்றேன். அவர் விடவில்லை.

"அந்தக் கடல் லெட்டர் மட்டுமாவது குடுங்க ஆன்ட்டி. படிச்சா எல்லாரும் சிரிப்பாங்க."

"அதெல்லாம் அப்பவே சிரிச்சு முடிச்சாச்சு தம்பி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.