இனி காகிதம் வேண்டாம்

வெர்னா ஸ்ட்ரிக்லண்ட் பத்தொன்பது வருடமாக எங்கள் மாவட்டக் காவல் தலைவரான ஷெரீஃபின் அலுவலகத்தில், துப்பாக்கி அனுமதி ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த மேசை என்னுடையது. வட கரோலினாவில் முன்பெல்லாம் பக்கத்து வீட்டுக்காரனிடம் கைத்துப்பாக்கி வாங்குவதானாலும் ஷெரீஃப் தரும் காகிதம் வேண்டும். மனு வந்தால் வெர்னா பழைய வழக்குகளைத் துருவிப் பார்ப்பாள். ஆகாது என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். துப்பாக்கி மேல் அவளுக்கு வெறுப்பெல்லாம் இல்லை. மான் வேட்டை தொடங்கும் நாளில் முதலில் விடுப்பு எழுதுகிறவள் அவள்தான்.

டுவைட் ஹாப்குட் இரண்டு முறை மனு போட்டான். நாய் கடித்து இடது காது பாதி போனவன். மனைவி ரெனேயின் தாடையை உடைத்ததால், அவளை நெருங்கக் கூடாது, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு. இரண்டு முறையும் வெர்னா மறுத்தாள்.

2023 மார்ச்சில் சட்டத்தை மாற்றி, அந்தக் காகிதம் இனி வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். கடையில் வாங்கினால் விசாரணை உண்டு. ஆளுக்கு ஆள் விற்றுக்கொண்டால் ஒன்றும் கிடையாது. துப்பாக்கியை உடையில் மறைத்து எடுத்துப்போக மட்டும் பழையபடி அனுமதி வேண்டும். அடுத்த வாரமே டுவைட் ஜன்னலில் வந்து சாய்ந்தான்.

"என்ன மிஸ் வெர்னா, ஈ ஓட்டுறீங்க போல?"

"உன் மேல உள்ள உத்தரவு அப்படியேதான் இருக்கு டுவைட்."

"இருக்கட்டுமே. கேக்கத்தான் ஆளில்லையே!"

சிரித்துக்கொண்டே போனான். வெர்னா அன்று மதியம் சாப்பிடவில்லை.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி ராய்ஸ் வீட்டில் விருந்து. பன்றிக்கறியைப் பிய்த்துக்கொண்டே, பழைய ரிவால்வரை நேற்று வாரச்சந்தையில் விற்றதாக ராய்ஸ் சொன்னான்.

"யாருக்குடா?"

"பேரெல்லாம் யாரு கேட்டா? நல்லாத்தான் பேசினான். காதுதான் ஒரு பக்கம் பாதி இல்ல."

வெர்னா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"என்னக்கா? நான் கேட்டாகணும்னு எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் எழுதலடா. வாய மூடு."

ரெனேயை அழைத்தாள். எடுக்கவில்லை, தேவாலயத்தில் இருக்கும் நேரம். உடனே அலுவலகத்துக்குச் சொன்னாள். காவலர்கள் போனபோது தேவாலயத்தின் பின்பக்கம் டுவைட்டின் பிக்கப் வண்டி நின்றது. உள்ளே அவன், வாசலைப் பார்த்தபடி. வண்டியைக் குடைந்தார்கள், வீட்டைக் குடைந்தார்கள். ரிவால்வர் கிடைக்கவில்லை.

விற்றது அவனுக்குத்தான் என்று ராய்ஸ் சாட்சி சொல்ல வந்தான். "துப்பாக்கியும் இல்ல, ஒரு துண்டுக் காகிதமும் இல்ல. எத வச்சு நிரூபிக்கிறது?" என்றார் அரசு வக்கீல். உத்தரவை மீறி நெருங்கியதற்கு மட்டும் தொண்ணூறு நாள் சிறை.

இரண்டு மாதம் கழித்து ரெனே ஜன்னலுக்கு வந்தாள். முடி திருத்தும் கடையில் வேலை செய்பவள், மேலங்கியில் முடித்துணுக்குகள்.

"மறைச்சு எடுத்துட்டுப் போற அனுமதிக்கு எவ்ளோ நாளாகும் மிஸ் வெர்னா?"

"நாப்பத்தஞ்சு நாள்கூட ஆகும்மா. பயிற்சி முடிச்சுட்டியா?"

"முடிச்சுட்டேன். ஆனா அவன் இருபத்தாறு நாள்ல வெளிய வர்றான்."

ஆபத்தில் இருப்பவர்களுக்குக் காத்திருக்காமல் தரும் அவசர அனுமதி என்று ஒன்று உண்டு. வெர்னா அந்தப் படிவத்தைத் தேடி எடுத்தாள். ரெனேயின் விரல்கள் வேர்த்து வழிந்ததால் ரேகைக் கருவி மூன்று முறை மறுத்தது. வெர்னா ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள்.

டுவைட் வெளியே வந்து மூன்று வாரமாகிறது. அவன் தாய் வீட்டில் இருக்கிறானாம். ரிவால்வர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. தினமும் காலை ஏழு மணிக்கு வெர்னா ரெனேயை அழைக்கிறாள். போன் மூன்றாவது முறை அடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் பேச்சு. நேற்று முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்ததும் எடுத்தாள், குளித்துக்கொண்டிருந்தாளாம். வெர்னா போனை வைத்துவிட்டு, ஜன்னலைத் திறக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது.