எல்லோருக்கும் அரை ஆட்டம்

என் தம்பியின் பூட்ஸை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியை ஜெபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். இனி இவன் எப்படி விளையாடுவான் பார்ப்போம் என்று எனக்கு ஒரு நிம்மதி. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது. மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். பூட்ஸ் என்பதே இந்திய இளையோர் கால்பந்து முகாமுக்குப் போன பிறகுதான் அவன் காலில் ஏறியது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அவனுக்குப் பதினெட்டு வயது. முகாமிலிருந்து பத்து நாள் விடுப்பில் வந்திருந்தான். திரும்பிப் போனதும் எல்லோரையும் ஓடவிட்டுப் பார்ப்பார்களாம். தேறியவர்கள் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுவார்கள். காலில் நோவு இருப்பவர்கள் வீட்டுக்கு ரயில் ஏறுவார்கள்.

பயிற்சியாளர் ஒரு தாளைத் தட்டச்சு செய்து கொடுத்தனுப்பியிருந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தையலும் இங்கிலீஷும் நானாகக் கற்றுக்கொண்டவை. தையல் கொஞ்சம் நேராக வந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க அந்தத் தாளோடு மல்லுக்கு நின்றேன். வாரத்தில் இரண்டு நாள் நன்றாக ஓட வேண்டும், இரண்டு நாள் லேசாக. ஒரே ஒரு ஆட்டம். ஆட்டத்துக்கு மறுநாள் முழு ஓய்வு. எலும்பு இன்னும் வளர்கிற வயது, ஆட்டமும் உடம்புக்கு வேலைதான் என்று அடியில் பேனாவால் எழுதியிருந்தார். மாதா படத்துக்குக் கீழே அதை ஒட்டிவைத்தேன். தம்பி தினமும் பார்த்துத் தலையாட்டினான்.

அது கோயில் திருவிழாச் சமயம். சுற்றுவட்டாரமெல்லாம் பந்தயம் நடக்கும். ஜெர்சிக்கு எண் தைக்க அணிக்காரர்கள் என் தையல் மெஷினைத் தேடித்தான் வருவார்கள். முதலில் உப்பளக்காரர்கள் வந்து, "சின்ன அளவுல ஒம்பதாம் நம்பர் ஒண்ணு சேத்துத் தச்சிருங்கக்கா" என்றார்கள். தேரிக்காட்டுப் பக்கத்து அணியும் அதையேதான் கேட்டது. வேம்பார் பஸ்ஸில் வந்து இறங்கியவர்களும் அதையேதான் கேட்டார்கள். இந்த வருசம் எல்லா ஊரிலும் ஒல்லிப் பிள்ளைகள்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தைத்துக் கொடுத்தேன்.

ஏழாம் நாள் எங்கள் தெரு அணியின் கேப்டன் வந்தார். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர், தெருவுக்கே அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை திருவிழாக் கோப்பையின் இறுதி ஆட்டம் அவருக்கு. அவரும் ஒன்பதாம் எண்தான் கேட்டார். அளவுக்கு ஒரு சட்டையையும் கொண்டுவந்திருந்தார்.

"அண்ணாச்சி, இது யாரு சட்டை?"

"அளவுச் சட்டைதான தங்கச்சி. யாருதா இருந்தா என்ன?"

"எல்லாப் பட்டனும் வெள்ளை, நடுவுல ஒண்ணு நீலம். அத வச்சது நான்தான்."

மாட்டிக்கொண்டதும் சிரித்துவிட்டார். "அவன்தான் களட்டிக் குடுத்தான். அரை ஆட்டந்தாம்ளா. பயலுக்கு ஓய்வு வேணும்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

எனக்கு மற்ற மூன்று ஒன்பதுகளும் ஞாபகத்துக்கு வந்தன. தம்பியைக் கூப்பிட்டேன். வாசல்படியில் ஒரு காலை மெதுவாக வைத்து ஏறிவந்தான். அதையும் அன்றுதான் கவனித்தேன்.

"யார் யாருக்கு ஆடுன?"

"உப்பளத்துக்கு ரெண்டு அரை, தேரிக்காட்டுக்கு ரெண்டு, வேம்பாருக்கு ஒண்ணு. எல்லாரும் அரைதான்க்கா கேட்டாவ. முடிஞ்சதும் முட்டை குடுத்து, காலுக்கு எண்ணெய் தேச்சுத்தான் அனுப்புனாவ."

"மாட்டேன்னு சொல்ல வாயில்லையா?"

"முகாமுக்குப் போனதும் பெரிய ஆளாயிட்டாம்பாவ."

அண்ணாச்சிக்கு முதலில் வந்தது கோபம்தான். "ஏலே, உப்பளத்தானுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணா?" என்றார். பிறகு அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் தம்பி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அண்ணாச்சி கையை எடுத்துவிட்டார். சுவரில் இருந்த தாளைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"என்னோட அரையையும் கூட்டிப் பாத்தா, ஒரு வாரத்துல மூணு ஆட்டம் ஆட வச்சிருப்போம்" என்றார்.

"அப்போ ஒம்பது வேண்டாமா அண்ணாச்சி?"

"தச்சிரு. போட்டுக்கிட்டு வந்து உக்காரட்டும். இல்லன்னா அவன்தான் வரமாட்டேன்னுட்டான்னு ஊர்ல பேசுவாவ. நான் எறக்கலன்னு இருக்கட்டும்."

ஞாயிறு சாயங்காலம் கோயில் மதிலோரம் பெண்களோடு நானும் நின்றேன். கோட்டுக்கு வெளியே, டீக்கடையில் இரவல் வாங்கிய நாற்காலியில் தம்பி ஒன்பதாம் எண்ணோடு உட்கார்ந்திருந்தான், மாப்பிள்ளை அழைப்புக்கு உட்கார்ந்தவன் மாதிரி. இடைவேளைக்கு முன்னாலேயே எங்கள் அணி ஒரு கோல் வாங்கிவிட்டது. கூட்டம் சும்மா இருக்குமா?

"ஏலே, இந்தியாவுக்கு ஆடுத காலு ஊருக்கு ஆடாதோ?"

"நாற்காலிக்கு யாருலே நம்பர் தச்சது?"

கொஞ்ச நேரம் தாங்கினான். இரண்டாம் பாதி முடியப் பத்து நிமிடம் போல இருக்கும்போது எழுந்து நின்று, நிக்கருக்கு மேல் இடுப்பில் சுற்றியிருந்த சாரத்தை அவிழ்த்தான். மதிலோரத்திலிருந்து நான் கத்தினால் யாருக்குக் கேட்கும்?

அண்ணாச்சி ஆட்டத்தை விட்டு ஓடிவந்தார். தோற்றுக்கொண்டிருக்கிற கேப்டன், கண்ணுக்கு முன்னால் ஊரிலேயே பெரிய ஆட்டக்காரன் எழுந்து நிற்கிறான். இறக்கிவிடத்தான் வருகிறார் என்று எல்லோரும் கைதட்டினார்கள். அவர் அவன் இரண்டு தோளிலும் கை வைத்து அழுத்தினார்.

"உக்காருலே. இன்னைக்கி ஒனக்கு இதான் ஆட்டம்" என்றார்.

அந்த ஒரு கோலிலேயே தோற்றோம். கோப்பை தேரிக்காட்டுக்குப் போயிற்று. அண்ணாச்சி ஒரு வருசம் முழுக்க டீக்கடையில் பேச்சு வாங்கினார். வாங்கிய பேச்சையெல்லாம் என்னிடம் வந்து ஒப்பித்துச் சிரிப்பார். எனக்கும் கேட்க ஆசையாக இருக்கும்.

மீதி இருந்த இரண்டு நாளும் தம்பியைப் படுக்கப்போட்டு, பூட்ஸை எடுத்துக் கொடுத்து ரயிலேற்றினேன். முதல் கடிதத்தில், ஓட்டத்தில் தேறிவிட்டதாகவும் ஓய்வு நாளில் படுத்தே கிடப்பதுதான் கஷ்டமாக இருப்பதாகவும் எழுதியிருந்தான். இரண்டாவது கடிதம் வெளிநாட்டு ஸ்டாம்போடு வந்தது. முதல் ஆட்டத்தில் இறங்கிவிட்டேன், இடைவேளைக்குப் பிறகுதான் இறக்கினார்கள் என்று எழுதியிருந்தான்.

மெஷினை நிறுத்திவிட்டு அதை அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கனயும் அரை ஆட்டந்தானா?" என்றார்.