கேட்காமல் வந்த வேகம்

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். விடுதியில் கூடப் படித்த தோழன் ஒருவன் அதையே பெயராக்கி, இன்றுவரை மிளகாய் என்றுதான் கூப்பிடுகிறான். அவனுக்கு அவள் வைத்த பெயர் ரேடியோ. வாயை மூட மாட்டான். இருவருக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒருமுறை செருப்புக் கடையில், பக்கத்தில் அவள் நிற்கும்போதே, கடைக்காரர் அம்மாவிடம் இவங்களுக்கு என்ன சைஸ் என்று கேட்டார். "கால் என்கிட்டதான் இருக்கு, என்கிட்ட கேளுங்க" என்று அவள் சொன்னது தெருவரை கேட்டது. வெளியே வந்ததும் அம்மாவிடமிருந்து அவளுக்குத்தான் திட்டு விழுந்தது. பாவம், அந்த ஆளுக்கு எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை, அதற்காகவா இப்படி முகத்தில் அடித்த மாதிரி பேசுவது என்று.

தொழில் தட்டச்சு. மருத்துவர்கள் வேகவேகமாகப் பேசிப் பதிவு செய்து அனுப்பும் அறிக்கைகளைக் காதில் வாங்கி எழுத்தாக்கிக் கொடுப்பாள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அவளுடைய மடிக்கணினியில் இருந்தது. மற்றவர்களுக்கு வெறும் கீச்சுச் சத்தமாகக் கேட்கும் வேகத்தில் அதை ஓடவிட்டு, விரல் நிற்காமல் அடிப்பாள். ஒவ்வொரு மருத்துவருக்கும் தனித்தனியாகச் சுருக்கெழுத்துகள் வைத்திருந்தாள். இரண்டு மூன்று எழுத்தைத் தட்டினால் முழு வாக்கியமும் வந்து விழும். பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது.

மடிக்கணினிக்கு வயதாகிவிட்டது. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் இன்னும் கொஞ்சம் சோர்ந்தது. கடைசியில் அவள் ஒரு வார்த்தை அடித்து முடித்து, அடுத்ததில் பாதி போன பிறகுதான் குரல் முதல் எழுத்தைச் சொன்னது. சாப்பாட்டு மேசையில் அதைச் சொல்லிப் புலம்பினாள். தம்பி காதில் வாங்கிக்கொண்டான்.

ஒரு நாள் அவளும் அம்மாவும் பல் வைத்தியரிடம் போன நேரத்தில், தம்பி அவள் அறைக்குள் போய் உட்கார்ந்தான். பழைய இயங்குதளத்தைத் துடைத்து எடுத்துவிட்டு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் எடை குறைந்த வகை ஒன்றைப் போட்டான். பழைய கணினிக்கு அதுதான் சரி என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தான்.

அவள் வந்து திறந்தாள். வழக்கமான தொடக்க ஒலி வரவில்லை. ஒரு விசையை அழுத்தினாள். இன்னொன்றை அழுத்தினாள். ஒலியைக் கூட்டினாள். ஒன்றும் இல்லை. ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்தாள். அப்போதுதான் தம்பி உள்ளே வந்து, எவ்வளவு வேகம் பார்த்தாயா, கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்துவிடுகிறது என்றான். குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

என் ஃபைல் எல்லாம் எங்கே என்று கேட்டாள். பாட்டுகளையும் போட்டோக்களையும் பத்திரமாகப் பென் டிரைவில் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னான். போட்டோக்களை! திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் போயிருந்தது. அந்த வாரத்து அறிக்கைகள் போயிருந்தன. சுருக்கெழுத்துகள் மொத்தமும் போயிருந்தன. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். அதை அவன் கேட்கவில்லை.

 இந்த முறை அவள் குரல் உயரவில்லை.

"நான் இல்லாதப்ப வீட்டுச் சாமான் மொத்தத்தையும் இடம் மாத்தி வச்சிட்டு, வீடு எவ்ளோ சுத்தமா இருக்கு பாருன்னு சொல்ற. எனக்கு இது இப்ப வெறும் பலகைடா."

பேச்சைக் கேட்டு அம்மா வந்தார். "நல்லதுக்குத்தானே பண்ணான். ஒரு தேங்க்ஸ் சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

 அதற்கு அவள் பதில் சொல்லியிருந்தால் வீடு தாங்கியிருக்காது.

தம்பி சரிசெய்து தருவதாகப் பக்கத்தில் உட்கார்ந்தான். திரையில் வருவதை அவன் படிக்க வேண்டும், அவள் முடிவு சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அவனோ இரண்டு வரியைப் படித்துவிட்டு, மீதியெல்லாம் சும்மா, ஓகே கொடுத்துவிடுகிறேன் என்றான். எல்லாவற்றையும் படி என்றாள். அவன் பெருமூச்சு விட்டான். அவள் பட்டென்று மூடியை மூடி, கணினியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ரேடியோவுக்குப் போன் போட்டாள். வங்கியில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்ப்பவன் அவன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, முதல் அடியிலிருந்தே பேசுகிற லினக்ஸ் ஒன்று இருக்கிறது, நிறுவும்போதே வாயைத் திறக்கும் என்றான். மறுநாள் வேலை முடிந்து பென் டிரைவோடு பஸ் ஏறி வந்தான்.

இருவரும் மேசை முன் உட்கார்ந்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டது. காப்பி கொண்டுவந்த அம்மா இருட்டில் நாற்காலியில் இடித்துக்கொண்டு, லைட்டையாவது போடக் கூடாதா என்று சலித்துக்கொண்டார். எங்களுக்கு எதற்கும்மா, கரண்டு பில்தான் ஏறும் என்றான் ரேடியோ.

பென் டிரைவிலிருந்து தொடங்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சரியான நொடியில் சரியான விசையை அழுத்த வேண்டும். தவறினால் தம்பி போட்ட ஊமை எழுந்து நிற்கும். திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டார்கள். வாசலில் நின்ற தம்பி ஏதோ சொல்ல வந்தான். நீ வாயைத் திறக்காதே என்றாள். மீண்டும் அணைத்தாள், போட்டாள், விசையை விடாமல் தட்டினாள்.

ஒரு பீப் ஒலி வந்தது. எஸ் எழுத்தைத் தட்டு, என்டர் தட்டு என்றான் ரேடியோ. தட்டினாள். தகரத்தைக் கல்லில் தேய்த்த மாதிரி ஒரு குரல், எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

ஒவ்வொரு கேள்வியாக வந்தது. எதையும் தாண்டாமல் முழுதாகக் கேட்டுக் கேட்டுப் பதில் அடித்தாள். நடுவில் ஒரு கேள்வியில் அவள் விரல் நின்றது. இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா என்றது குரல். அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுச்சா? ஒரு மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கு, கேக்கணும்னு."

 தம்பி மெல்ல, "தப்புதான்க்கா" என்றான்.  அவள் கணினிப் பக்கம் திரும்பி, சம்மதம் என்று அடித்தாள்.

கணினி பிழைத்துக்கொண்டது. எழுத்து அடித்த கையோடு குரல் வந்தது. தமிழை மட்டும் பல்லில்லாத கிழவர் மாதிரிப் படித்தது. பழகிக்கொண்டாள். ஆனால் அந்த வாரத்து வேலை தாமதமாகி, பல காலமாக அவளுக்குப் பதிவுகளை அனுப்பிக்கொண்டிருந்த எலும்பு மருத்துவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அதைத் தம்பியிடம் சொல்லாமல் விடவில்லை. போனிலேயே சொன்னாள், அவன் அலுவலகத்தில் இருக்கும்போது.

கணினிக்குக் கடவுச்சொல் போட்டாயிற்று. அம்மா அதை ஒரு குறையாகவே உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், கூடப் பிறந்தவனையே நம்புவதில்லை என்று. சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். தினமும் வேலைக்கு நடுவில் சுருக்கெழுத்துகளை மறுபடி முதலிலிருந்து சேர்க்கிறாள். பழையது நினைவுக்கு வராமல் விரல் தடுமாறும் போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியை ஒரு வசை வைகிறாள். பிறகு அந்த வாக்கியத்தை முழுதாக அடித்து, புதிதாக ஒரு சுருக்கம் வைக்கிறாள்.