டீக்கடை மேசையில் இளகிய விரல்கள்

எழுபதுகளின் நடுவில், ஒரு ஜனவரி மாதக் காலை. பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மூணாறுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. பியானோ வாசித்துக் காட்ட வேண்டும். எங்கள் எஸ்டேட் சர்ச்சில் கிடந்த பழைய பியானோவில்தான் நான் பழகியது.

ஆசைக்காகத் தேடிய வேலை இல்லை அது. தேயிலை ஃபேக்டரியில் இருந்த அப்பாவுக்குத் தூசியில் நெஞ்சு கெட்டு, வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போச்சு. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூட வேலையோடு தங்க வீடும் உண்டு. இது கிடைக்காவிட்டால், மூச்சு வாங்கும் மனுஷனைக் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவேன்?

பஸ்ஸில் என் ஜன்னலுக்குத் தார்ப்பாய் இல்லை. இறங்கும்போது விரல்கள் விறைத்துக் கட்டையாகிவிட்டன. எஸ்டேட்டில் என்றால் வெந்நீரில் கையை வைத்தெடுத்து, ஒவ்வொரு விரலாகத் தட்டித் தட்டி இளக்கிக்கொண்டுதான் பியானோ முன்னால் உட்காருவேன். இல்லாவிட்டால் நான் சொன்ன பேச்சை விரல் கேட்காது. நடுரோட்டில் வெந்நீருக்கு எங்கே போவது? அழுகையே வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு டீக்கடை. பெண்பிள்ளை தனியாக டீக்கடைக்குள் போய் உட்காருகிற காலமா அது? வாசலில் பாய்லரை ஒட்டி, சூடு படுகிற மாதிரி நின்றுகொண்டேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. என்னைப் பார்த்துவிட்டார்.

"வெளிய நின்னா வெறச்சிப் போயிருவ. உள்ள வந்து உக்காரு தாயி."

உள்ளே போய் மேசை முன்னால் உட்கார்ந்தேன். டீ வேண்டாம், குடிக்க இல்லை, கையைச் சூடாக்கக் கொஞ்சம் வெந்நீர் போதும் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் கொடுத்தார். டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். கொஞ்சம் உணர்வு வந்ததும், கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை மேசையில் தட்ட ஆரம்பித்தேன்.

"டைப்பு பரிச்சையாம்மா?" என்றார் அண்ணாச்சி. அப்போதெல்லாம் ஒரு பெண் விரலைத் தட்டினால் டைப்ரைட்டிங்தான், வேறென்ன!

"இல்ல அண்ணாச்சி. பியானோ வாசிச்சுக் காட்டணும், வேலைக்கு."

"அது என்ன எழவோ, எனக்குத் தெரியாது. கை சூடா இருக்கணும், அவ்வளவுதான?" என்றவர், மேசையைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எல்லாரும் கிளாஸத் தூக்கிட்டு அந்தால போங்கப்பா. மேசை புள்ளைக்கு வேணும்."

எல்லாரும் எஸ்டேட் வேலைக்காரர்கள். முணுமுணுக்காமல் எழுந்து போனார்கள். ஒருவர் தன் கம்பளியை எடுத்து என் தோளில் போட்டுவிட்டார். தண்ணீர் ஆற ஆற அண்ணாச்சி மாற்றிக்கொண்டே இருந்தார். சத்தமே வராத என் கச்சேரியை அத்தனை பேரும் டீயை மறந்து பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பள்ளிக்கூடத்துப் பியானோ கட்டைகள் ஐஸ் மாதிரி இருந்தன. எனக்கு முன்னால் வாசித்த பெண், பாவம், விரல் இழுத்துக்கொண்டு பாதியிலேயே நிறுத்திவிட்டாள். என் விரல்கள் ஓர் இடத்திலும் திக்கவில்லை. அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது. நேராக டீக்கடைக்கு ஓடினேன்.

"ஏலே, நம்ம புள்ளைக்கு வேலை கிடைச்சிருச்சுலே!" என்று அண்ணாச்சி தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். காலையில் இருந்தவர்கள் எல்லாம் மலைக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்ல முடியவில்லை.

தூசி இல்லாத அந்த வீட்டில் அப்பா பல வருஷம் நிம்மதியாக மூச்சுவிட்டார். காலி செய் என்று யாரும் சொல்லாத வீட்டில், தன் கட்டிலிலேயே கண்ணை மூடினார். பியானோ என்றால் என்னவென்றே தெரியாமல் எனக்காக எழுந்து இடம் கொடுத்தவர்கள்தான் என் அப்பாவுக்கு அந்த வீட்டைக் கொடுத்தார்கள் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.